நான் அச்சடித்த ஒரு பக்கம்

ஆரோக்கியமேரிக்கு வேலை போனது ஒரு வெள்ளிக்கிழமை. மருத்துவமனை குவாட்டர்ஸை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை காலை அவர் எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து, தன்னுடைய பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய உறையை என் மேசைமேல் வைத்தார்.

"இனிமே வர்றவுகளுக்குப் புதுசு போட்டுக் குடுத்துருங்க சார்."

அவ்வளவுதான் சொன்னார். அவருடைய வேலை போனதற்குக் காரணம் நான். அது அப்போது இரண்டு பேருக்குத் தெரியும்: எனக்கும் என் முதலாளிக்கும். இப்போது கணினித் துறையில் இருக்கும் இளையவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஆனாலும் நான் செய்ததை அவர்களும் செய்யக்கூடும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. ஒரு மெஷின், நாலு மெஷின்

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் சென்டர் இருந்தது. சென்னையில் ஒரு கம்பெனி கழித்துப்போட்ட பெரிய மெஷின் ஒன்றை முதலாளி வாங்கி வந்திருந்தார். அவர் செட்டியார்; பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த குடும்பம். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் ஒரு மெஷினை நாலு பேருக்கு வாடகைக்கு விடலாம் என்று நான் சொன்னது அவருக்கு உடனே புரிந்தது.

அந்த மெஷினில் கண்ட்ரோல் புரோகிராம் என்று ஒன்று உண்டு. ஒரே மெஷினை அது பல மெஷின்களாகக் காட்டும். இப்படிக் காட்டப்படும் ஒவ்வொன்றையும் வி.எம். என்போம். மில்லுக்கு ஒரு வி.எம்., கன்னியாஸ்திரீகள் நடத்திய மருத்துவமனைக்கு ஒன்று, முதலாளியின் சொந்த வியாபாரத்துக்கு ஒன்று, என் சோதனைகளுக்கு ஒன்று. உள்ளே இருப்பவருக்கு முழு மெஷினும் தன்னுடையது போலத் தெரியும். அடுத்தவர் இருப்பதே தெரியாது. இன்று ஹைபர்வைசர் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

ஆரோக்கியமேரி மருத்துவமனையின் ரெக்கார்டு கிளார்க். தினமும் மதியம் டவுன் பஸ்ஸில் நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருவார். மூலையிலிருந்த டெர்மினலில் அவற்றைப் பதிந்துவிட்டு, எண்ணிப் பார்த்துத் திரும்ப எடுத்துப்போவார். அவருடைய கணவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருந்தார். இவருடைய சம்பளமும் மருத்துவமனை கொடுத்த குவாட்டர்ஸும்தான் குடும்பம்.

அவர் பதியும்போது நான் பக்கத்தில் போனால் ஒரு கை திரையை மறைக்கும்.

"அங்குட்டே நில்லுங்க சார். என்ன வேணும்னு அங்கயிருந்தே சொல்லுங்க."

"இந்த மெஷினுக்கே நான்தாம்மா பொறுப்பு."

"மெஷினுக்குத்தான? நோயாளிக்கு இல்லையே."

ஒருநாள் அவரே கேட்டார். "அடுத்த சீட்டுல மில்லுக்காரத் தம்பி உக்காந்திருக்காரே, அவரு எதையாச்சும் தட்டி எங்க ரெக்கார்டைப் பாத்துர மாட்டாரா?"

"பார்க்க முடியாதும்மா. நடுவுல சுவர் இருக்கு."

"நீங்க?"

"நானும் பாக்க மாட்டேன்."

"அப்பச் சரி" என்று வேலையைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.

2. பார்த்த பிறகு திருத்திய மனு

ஒரு கோடையில், மெஷினைச் செய்த கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் ஒரு டேப்பும் வந்தன. கண்ட்ரோல் புரோகிராமில் ஓர் ஓட்டை இருக்கிறது, டேப்பில் இருக்கும் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கடிதம் சொன்னது.

ஓட்டை இதுதான். ஒரு வி.எம். டிஸ்க்கைப் படிக்க விரும்பினால் ஒரு கோரிக்கையை எழுதிக் கொடுக்கும். கேட்கிற இடம் அந்த வி.எம்.முக்குச் சொந்தமானதுதானா என்று கண்ட்ரோல் புரோகிராம் சரிபார்த்து, பிறகு படிக்க அனுமதிக்கும். தாசில்தார் மனுவைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, அது அடுத்த மேசைக்குப் போவதற்குள் சர்வே எண்ணை ஒருவன் மாற்றி எழுதினால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். சரிபார்ப்பதற்கும் படிப்பதற்கும் இடையில் இருந்த கண நேரத்தில் கோரிக்கையைத் திருத்த முடிந்தது. திருத்தினால் அடுத்த வி.எம்.மின் டிஸ்க்கைப் படிக்கலாம். சுவர் இல்லை என்று அர்த்தம்.

திருத்தம் எளிமையானது. கண்ட்ரோல் புரோகிராம் கோரிக்கையை முதலில் தன்னிடத்தில் நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலையே சரிபார்த்து, அந்த நகலையே நிறைவேற்ற வேண்டும். ஆனால் அதைப் போடுவதற்குக் கண்ட்ரோல் புரோகிராமையே புதிதாகக் கட்டி ஏற்ற வேண்டும். ஒரு நாள் முழுவதும் மெஷினை நிறுத்த வேண்டும்.

முதலாளி சம்மதிக்கவில்லை.

"ஓடுற மெஷினை எதுக்குத் தம்பி நிப்பாட்டணும்கிறீக? பழைய மெஷின். திரும்பக் கெளம்பாமப் போச்சுன்னா?"

"ஓட்டை இருக்குங்க."

"இருக்கட்டும். இந்தக் காரைக்குடியில அதுக்குள்ள கையை விடத் தெரிஞ்ச ஆளு யாரு? உங்களத் தவிர ஒரு ஆளைச் சொல்லுங்க பாப்போம்."

அவர் சிரித்தார். "அப்ப நீங்க கையை விடாம இருங்க. ஓட்டை அடைஞ்சுரும்."

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னார். மூன்றாவது முறை கணக்குப்பிள்ளையையும் கூப்பிட்டு, "நம்ம இஞ்சினியருக்கு அவரையே பாத்தா பயமா இருக்காம்" என்றார். இருவரும் சிரித்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் மருத்துவமனையின் ரகசியத்துக்காக வந்ததல்ல. என் படிப்புக்காக வந்தது.

3. அத்தாட்சி

ஓட்டையை நிரூபிப்பது என்று முடிவு செய்தேன். மில்லின் வி.எம்.மிலிருந்து மருத்துவமனையின் டிஸ்க்கைப் படிக்க ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். மில் ஆபரேட்டர் சாப்பிடப் போன நேரத்தில் ஓட்டினேன். லைன் பிரிண்டரில் பக்கங்கள் வந்தன. முதல் சில பக்கங்களில் அர்த்தமில்லாத எழுத்துகள். பிறகு ஒன்று தெளிவாக வந்தது.

ஒரு பெண்ணின் ரெக்கார்டு. வயது இருபத்திரண்டு. பெயர், தகப்பனாரின் விலாசம், ஊர். வலிப்பு நோய், மாத்திரைகளின் பெயர்கள், அளவு. அதற்குமேல் ஒரு வாக்கியம் தொடங்கிப் பாதியில் அறுந்திருந்தது. டிஸ்க்கில் ஒரு பிளாக் அங்கே முடிந்துவிட்டது. மீதி அடுத்த பிளாக்கில். அத்தாட்சிக்கு ஒரு பக்கம் போதும் என்று அடுத்ததை நான் எடுக்கவில்லை.

மருத்துவமனையின் பகுதியில் நானே ஒரு பொய் ரெக்கார்டு பதிந்து, அதைப் படித்துக் காட்டியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. அது என் மனதில் தோன்றவும் செய்தது. பொய் ரெக்கார்டைக் காட்டினால் முதலாளிக்கு உறைக்காது என்று விட்டுவிட்டேன்.

பெண்ணின் பெயரை மட்டும் கறுப்பு மையால் அடித்தேன். விலாசத்தை விட்டுவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். செட்டியார்கள் விலாசம் என்று சொல்வது தெரு முகவரியை அல்ல. முன்னோர்கள் நாலைந்து பேருடைய பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து எழுதுவது. அந்த எழுத்துகளைக் கண்டால் எந்த ஊர், எந்த வீடு, யாருடைய பேரன் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அங்கே ஒன்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அவசரத்தில் கவனிக்கவில்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். கவனிக்க விரும்பவில்லை என்பதே சரி. தாள் அவரை உலுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"இது நெசமா?"

"நெசம்தாங்க. மில்லுப் பக்கமிருந்து எடுத்தேன். இப்படி யாரு வேணாலும்…"

"இத வேற யாரும் பாத்தாகளா?"

"இல்லீங்க."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த பயம் வரவில்லை. வேறு ஏதோ இருந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை நிப்பாட்டிக்கங்க தம்பி" என்றார்.

ஜெயித்த மகிழ்ச்சியில் அந்தத் தாளைத் திரும்பக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

4. ஞாயிற்றுக்கிழமை

டிஸ்க்குகளை டேப்பில் நகல் எடுத்தேன். ஜெனரேட்டரைத் தயாராக வைத்தேன். திருத்தத்தைச் சேர்த்துக் கண்ட்ரோல் புரோகிராமைக் கட்டி ஏற்றினேன். முதல்முறை மெஷின் பாதியில் நின்றது. ஒரு வரியைத் தவறாகச் சேர்த்திருந்தேன். இரண்டாம் முறை மாலை நான்கு மணிக்கு எழுந்தது. என் புரோகிராமை மறுபடி ஓட்டினேன். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று திரையில் வந்தது. நூறு முறை ஓட்டினேன். நூறு முறையும் அதே பதில்.

என் பணிக்காலத்தில் இதைவிடச் சுத்தமாக நான் எந்த வேலையையும் முடித்ததில்லை. அந்த ஓட்டை திறந்திருந்த காலம் முழுவதும் அதன் வழியாகப் போனவன் ஒரே ஒருவன். அதை அடைத்தவனும் அவனே.

5. சிஸ்டர் கேட்டது

இரண்டு வாரம் கழித்து, மருத்துவமனையை நிர்வகித்த சிஸ்டர் ஆரோக்கியமேரியுடன் சென்டருக்கு வந்தார். முதலாளியும் இருந்தார்.

நான் அச்சடித்த பக்கத்தில் இருந்த பெண்ணை முதலாளியின் தம்பி மகனுக்குப் பேசியிருந்தார்கள். நிச்சயத்துக்கு நாள் பார்த்திருந்த நேரத்தில் பையன் வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காரணமும் ஊருக்குள் பரவிவிட்டது. பெண்ணின் தகப்பனார் மருத்துவமனைக்கு வந்து சிஸ்டர் முன்னால் அழுதிருக்கிறார். இவையெல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிந்தன. முதலாளியைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளைக்கு அஞ்சு வருஷமா ஒண்ணும் இல்ல சார்" என்றார் சிஸ்டர். "மாத்திரையைக்கூட நிப்பாட்டப் போறோம்னு டாக்டர் எழுதியிருக்காங்க. வெளிய போன பேச்சுல அது மட்டும் இல்ல."

அறுந்துபோன வாக்கியம் அதுதான்.

"சிஸ்டர், நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல. மாதா சத்தியம்" என்றார் ஆரோக்கியமேரி. அழுது ஓய்ந்த முகம்.

சிஸ்டர் என்னிடம் திரும்பினார். "உங்ககிட்ட ஒரே கேள்விதான் சார். இந்த மெஷின்ல எங்க ரெக்கார்டை வேற யாரும் பார்க்க வழி இருக்கா?"

நான் சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். இருந்தது, இரண்டு வாரம் முன்பு வரை இருந்தது, நான்தான் பார்த்தேன். சொன்னால் மருத்துவமனை ஒப்பந்தம் போகும், என் வேலை போகும், முதலாளியின் வீட்டுப் பெயர் தெருவுக்கு வரும். ஆரோக்கியமேரியின் வேலை மட்டும் தப்பும்.

"வழி இல்லை சிஸ்டர்" என்றேன். "ஒருத்தர் பக்கத்தை இன்னொருத்தர் பார்க்கவே முடியாது."

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஆரோக்கியமேரி என்னோடு சண்டைபோடுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர். நான் அப்பவே கேட்டிருக்கேன், நடுவுல சுவர் இருக்குன்னு சொல்லியிருக்காரு. அன்னைக்கு ஒருநா பஸ்ஸுல பிரேக் போட்டப்ப பை சரிஞ்சிருச்சு. எல்லாத்தையும் பொறுக்கிட்டேன்னுதான் நெனச்சேன். அந்த நேரம் யாரும் படிச்சிருப்பாகளோ என்னமோ. வேற எப்படி சிஸ்டர் வெளிய போகும்?"

இதைச் சொன்ன பிறகு சிஸ்டருக்கு வேறு வழி இருக்கவில்லை. என்னை நம்பியதால் ஆரோக்கியமேரி தன்னையே சந்தேகித்தார். தன் வாயாலேயே தன் வேலையைப் பறிகொடுத்தார். நான் ஒரு அடி தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு முதலாளி சொன்னார்: "நீங்க ஒண்ணும் பொய் சொல்லலையே தம்பி. இப்பப் பாக்க முடியாதுதான?"

6. கடிதம்

நான் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்து, திருப்பத்தூரில் ஆரோக்கியமேரி இருக்கும் இடத்தை விசாரித்துப் போனேன். ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்து, அதையும் விட்டு, ஓர் அறை வாடகை வீட்டில் தனியாக இருந்தார். குவாட்டர்ஸை விட்ட இரண்டாம் வருடமே கணவர் இறந்துவிட்டார். சிஸ்டரும் உயிரோடு இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவமனைத் தலைமைக்கு நான் எழுதிக் கையெழுத்திட்டு வந்திருந்த கடிதத்தைக் கொடுத்தேன்.

"எங்க வீட்டுக்காரரு சாகுறப்பக்கூட, 'வாய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல'ன்னுதான் சொன்னாரு" என்றார். "இத அவருகிட்டக் காட்டியிருக்கணும் நீங்க."

அவர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, அந்தக் காலத்தில் கேஸ் ஷீட் படித்த மாதிரியே படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"என்ன சார் இது? அந்தப் பிள்ளை பேரு, ஊரு, விலாசம், எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கீக."

உண்மையை முழுசாக எழுத வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னேன்.

"அது இப்ப எங்கயோ பேரம்பேத்தி எடுத்துருக்கும். இந்தத் தாள் நாலு மேசைக்குப் போகும்ல? பேனாவைக் குடுங்க."

மூன்றையும் அவரே அடித்தார். தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுத்து தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது. அந்தப் பக்கத்திலும் அடித்தார். பிறகு கடிதத்தை என்னிடமே கொடுத்தார்.

"இனி அனுப்புறதுன்னா அனுப்புங்க. அங்க என்னையத் தெரிஞ்சவுக இப்ப யாரு இருக்கா?"

அனுப்பினேன். அப்படி ஒரு பணியாளர் இருந்ததற்கான பதிவு தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது.

இளையவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். ஓட்டையைக் காட்ட அடுத்தவருடைய வாழ்க்கையைப் படிக்காதீர்கள். நீங்களே எழுதிய பொய் வரி ஒன்று போதும். அடைத்த பிறகு யாராவது கேட்டால், அடைத்துவிட்டேன் என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது வரை திறந்திருந்தது, உள்ளே போனது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு பேரும், சிஸ்டரும் ஆரோக்கியமேரியின் கணவரும், இறந்துவிட்டார்கள்.