அப்பாமாரின் பெயர்கள்

பாலையூற்றில் உள்ள எங்கள் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, சமயம் படிப்பிக்கும் அறநெறிப் பாடசாலை தொடங்கும். எண்பது பிள்ளைகள், நான்கு ஆசிரியைகள், எல்லோருக்கும் பொறுப்பாகச் சுலோஜனா. கிழமை நாட்களில் அவர் ரவுண் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நிற்பார். என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவரிடம் படித்தவர்கள். நான் சொல்லப்போவதில், கடற்கரையில் நடந்ததை நானே பார்த்தேன். மற்றதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தது.

சுலோஜனா சம்பூரில் பிறந்தவர். 2006இல் போரால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, பின்னேரங்களில் கூடாரங்களுக்கு இடையில் சும்மா திரிந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பதிகம் பாடப் பழக்கினார். கலியாணம் கட்டிப் பாலையூற்றுக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. பெரிய பிள்ளைகள் ஞாயிறு ரியூசனுக்குப் போய் வகுப்பு வெறுமையானபோது, நேரே ரியூசன் நடத்தும் கணித ஆசிரியர் றுவைஸிடம் போய், அவரது வகுப்பைப் பதினொரு மணிக்கு மாற்ற ஏலுமோ என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில நானும் வகுப்பு வைக்கிறல்லதானே ரீச்சர்” என்றாராம் அவர். அடுத்த கிழமையே நேரம் மாறியது. பெரிய பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கென்று சனிக்கிழமைகளில் ஓர் இளைஞர் வட்டமும் சுலோஜனா தொடங்கினார்.

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி அமாவாசைக்கு இரண்டு கிழமை இருக்கும். தந்தையை இழந்தவர்கள் விரதமிருந்து கடலில் தீர்த்தமாடும் நாள் அது. அறநெறிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கடற்கரைக்குக் கூட்டிப்போவது வழக்கம். ஆர் ஆர் விரதம் என்று பட்டியல் எழுத வேண்டியிருந்தது. ஆட்கணக்குக் கேட்டுப் பஸ்காரர் கேற்றில் காத்து நிற்க, சுலோஜனா அவசரத்தில் கேட்டுவிட்டார்.

“அப்பா இல்லாத பிள்ளைகள் கையை உயர்த்துங்கோ.”

ஏழு கைகள் உயர்ந்தன. கடைசி வரிசையில் லோஜினியின் கை தோள் வரைக்கும் வந்து, அப்படியே நின்று, கீழே இறங்கியது. அவளுக்குப் பதினாறு வயது. தகப்பன் இராகுலன், அதற்கு முந்திய கார்த்திகையில் இரண்டு பேரோடு மீன்பிடிக்கப் போனவர். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை.

அன்று பின்னேரமே சுலோஜனா லோஜினியின் வீட்டுக்குப் போனார். தாய் தங்கரத்தினம் தையல் மெசினை விட்டு எழும்பாமலே கதிரையைக் காட்டினார். நெற்றியில் குங்குமம் இருந்தது.

“பிள்ளை வந்து சொன்னவள்” என்றார். “அவர் வரேல்ல எண்டுதான் எனக்குத் தெரியும். செத்துப்போனார் எண்டு எனக்கு ஒருத்தரும் காட்டேல்ல. காத்தில இழுபட்டு அந்தமான் பக்கம் போய்த் திரும்பி வந்த ஆக்களும் இருக்கினம் ரீச்சர். நான் என்னெண்டு அவளை விரதம் பிடிக்கச் சொல்லுறது?”

“நான் அதுக்கு வரேல்ல அக்கா. அப்பிடிக் கேட்டது என்ர பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

தங்கரத்தினம் இப்போது மெசினை விட்டு எழும்பினார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்தும் சுலோஜனாவுக்கு மனம் ஆறவில்லை. வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மாரை யோசித்துப் பார்த்தார். கட்டாரில் வேலைக்குப் போன மூன்று பேர், கொழும்பில் ஐந்து பேர், குடும்பத்தை விட்டுப் போன ஒருவர், இறந்தவர்கள் ஏழு பேர். அடுத்த நாள் கோயில் தலைவர் இரத்தினசிங்கத்திடம் போனார். இந்த முறை எல்லாப் பிள்ளைகளும் கடலைப் பார்த்து நின்று தங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லட்டும், பிறகு சேர்ந்து ஒரு பதிகம் பாடட்டும் என்றார்.

தலைவர் தயங்கினார். “தர்ப்பணம் செய்யிற இடத்தில உயிரோட இருக்கிற தகப்பன்மாரின்ர பேரைச் சொல்லுறதோ? சனம் அபசகுனம் எண்டு கதைக்கும் ரீச்சர்.”

“கடவுளிட்டத்தானே ஐயா சொல்லுறம். ஆர் எங்க இருக்கினம் எண்டு அவருக்குத் தெரியும்.”

தலைவர் பஞ்சாங்கத்தை எடுத்துத் தீர்த்த நேரத்தைப் பார்த்தார். பிறகு, “தீர்த்தம் முடிஞ்சு சனம் போகட்டும். அதுக்குப் பிறகு பேரைச் சொல்லிப் பாடுங்கோ. நானும் நிக்கிறன்” என்றார்.

ஆடி அமாவாசை அன்று பத்து மணிவரை பிள்ளைகள் வெயிலில் காத்திருந்தார்கள். சனம் கலைந்ததும் வெள்ளை உடுப்போடு கரையில் வரிசையாக நின்றார்கள். சின்னப் பிள்ளைகளில் சிலர் பெயரோடு சேர்த்து “கட்டார்ல இருக்கிறார்”, “ஓட்டோ ஓடுறார்” என்றும் சொன்னார்கள். லோஜினியின் முறை வந்தது.

“இராகுலன்” என்றாள். அவ்வளவுதான்.

பதிகமும் பாடி முடிந்து, பிள்ளைகள் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம், ஓட்டோவில் வந்திறங்கிய தங்கரத்தினம் மணலில் அவசரமாக நடந்து வந்தார். வருவதில்லை என்றுதான் சொல்லியிருந்தவர். சுலோஜனாவுக்குக் கிட்ட வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“முடிஞ்சுதோ? அவரின்ர பேரை இன்னொருக்காச் சொல்லச் சொல்லுவீங்களோ? அவள் சொன்னதை நான் கேக்கேல்ல.”

சுலோஜனா பிள்ளைகளைத் திருப்பி அழைத்தார். பஸ்காரர் ஹோர்ன் அடித்தார். இரத்தினசிங்கம் அவரைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லோரும் திரும்ப வரிசையில் நின்றார்கள், முதலாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பெயராகத் திரும்பவும் வந்தது. லோஜினி தகப்பன் பெயரை இந்த முறை சத்தமாகச் சொன்னாள். தங்கரத்தினம் அவளுக்குப் பின்னால் நின்று அவளது பின்னலைப் பிடித்தபடி இருந்தார். அலை பாதம் வரை வந்தபோது ஒதுங்கவில்லை. சுலோஜனா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும்தான்.

இராகுலனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. தங்கரத்தினம் இப்போதும் குங்குமம் வைக்கிறார். பாலையூற்றில் அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. லோஜினி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஞாயிறுகளில் முதலாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். முப்பது பிள்ளைகளின் சத்தம் அவளுக்கு அடங்குவதில்லை, சுலோஜனாவும் போய் அடக்குவதில்லை. தாய் பிள்ளைகளுக்குக் கடலை அவித்துக் கொண்டுவருவார். வகுப்பு முடிந்ததும் அவரும் சுலோஜனாவும் மண்டபப் படியில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். சில நாட்களில் கதைப்பார்கள், சில நாட்களில் சும்மா இருப்பார்கள்.