சுவர் கட்ட நல்ல நாள்

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பு. ஏ பிளாக், பி பிளாக் என்று இரண்டு கட்டடங்கள், நடுவில் ஒரு பொது முற்றம். அவர்கள் கார் எங்கள் இடத்தில் நிற்கிறது, எங்கள் தண்ணீர் லாரி அவர்கள் வாசலை மறிக்கிறது என்று வருஷக்கணக்கில் சண்டை. கடைசியில், நடுவே சுவர் கட்டலாமா என்று வீட்டுக்கு ஓர் ஓட்டு போடவைத்தோம். கட்டலாம் பதின்மூன்று, வேண்டாம் பதினொன்று. கட்டச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அன்று காலையில்தான் ஏ பிளாக் கார் ஒன்று என் ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் மறித்திருந்தது. முடிவைச் சொன்னதும் விசிலே அடித்தேன்.

நான் பி பிளாக் செயலாளர். முப்பத்தெட்டு வயது, அம்மாவோடு வாசம், வாய் கொஞ்சம் நீளம். ஏ பிளாக் செயலாளர் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. சுவரைக் கட்டி முடிக்கும் பொறுப்பு எங்கள் இருவர் தலையில் விழுந்தது. மேஸ்திரியைப் பார்க்க அவர் பைக்கில் போனேன். திரும்பும்போது அவர் சொன்ன ஓர் அசட்டு ஜோக்குக்குச் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. சுவர் எழும்பிவிட்டால் இந்த மனிதரைப் பார்க்கத் தெருவைச் சுற்றி வர வேண்டும், பார்க்க ஒரு காரணமும் இருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. ஓட்டுப் போட்ட கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

"ஆடி பொறந்துடுச்சே மேடம், இப்ப அஸ்திவாரம் வேணாமே" என்றார் வாத்தியார்.

"நீங்க சர்ச்சுக்குப் போறவர் சார். உங்களுக்கு ஏது ஆடி?"

"எனக்கு இல்ல. மேஸ்திரிக்கு இருக்குல்ல!"

அதையே பிடித்துக்கொண்டோம். ஆவணியில் செங்கல் சரியில்லை என்றேன். புரட்டாசி ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழை. அப்புறம் எனக்கு மார்கழி, அவருக்குக் கிறிஸ்துமஸ். ஒவ்வொரு முறை தள்ளிப்போடவும் ஏரிக்கரையில் ஒரு நடையும் இரண்டு டீயும் தேவைப்பட்டன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தை வந்தது. கூட்டம் கூட்டி எங்களை நிற்கவைத்துக் கேட்டார்கள்.

"ஓட்டு போட்டது இன்னாத்துக்கு? இன்னும் எத்தினி மாசம் சாக்கு சொல்லிக்கினு இருப்பீங்க?" என்று கத்தினார் ஏ பிளாக் தரைத்தளத்து அண்ணன். சுவர் வேண்டும் என்று முதலில் கிளப்பியவரே அவர்தான்.

"கட்டிடறோம்ணா. அதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறோம்" என்றேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அப்போ நீ எங்க பிளாக்குக்கு வந்துடுவே. உங்க அம்மா?"

"அவங்க இங்கேயேதான்."

"அம்மாவைப் பாக்க தெரு சுத்திக்கினா போவே? சுவத்துல ஒரு வழி வுடுங்கய்யா!"

கட்டச் சொன்ன மற்றப் பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஒரு கார் தாராளமாகப் போகிற அகலத்துக்கு வழி விட்டுச் சுவர் எழும்பியது. அந்த வழிக்குக் கதவு வைப்பதா வேண்டாமா என்று ஓர் ஓட்டெடுப்பு நடத்தலாமே என்று யாரோ ஆரம்பித்தார்.

"ஐயோ, வேணவே வேணாம்!" என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரே மூச்சில் அலறினோம்.