ஆறாவது கல்

கரடியூரில் ஒரு தியான இல்லத்தின் வெளிச்சுவருக்காகப் புத்தர் கதையைக் கருங்கல்லில் செதுக்கும் வேலை எனக்கு வந்தது. பிறப்பு, வீட்டைத் துறந்து போவது, ஞானம், முதல் உபதேசம், மறைவு என்று கல்லுக்கு ஒரு காட்சி. கடைசியாக ஆறாவது கல்லில், இல்லத்தைக் கட்டிய டாக்டரின் பெற்றோர் பெயர். உளி பிடிப்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. வேலை மளமளவென்று நகர்ந்தது.

இரண்டாவது கல்லில் குழந்தையோடு தூங்கும் இளவரசியையும், வாசலில் நின்று திரும்பிப் பார்க்கும் கணவரையும் முடித்திருந்தேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துவிட்டுத் திரும்பிய பெண்களில் ஒருவர், வயதில் மூத்தவர், அதையே பார்த்தபடி நின்றுவிட்டார்.

“ஏங்கண்ணு, ஊட்ல இருக்கறவகிட்டச் சொல்லிட்டுத்தான் போறாரா?”

“இல்லீங்கக்கா. தூங்கறப்பவே போயிட்டாருங்க.”

“அப்ப முழிச்சுப் பாத்துட்டு அவ என்ன பண்ணுனா?”

அந்தக் கதையும் எனக்குத் தெரியும். ஞானம் பெற்று அவர் சொந்த ஊருக்கு வந்தபோது அரண்மனையே எதிர்கொண்டு போனது. அவள் மட்டும் போகவில்லை. ‘என்னிடம் ஏதாவது நல்லது இருந்தால் அவரே வருவார்’ என்று அறையிலேயே இருந்துவிட்டாள். கடைசியில் அவர்தான் தேடிப் போனார். அக்காவிடம் இதைச் சொன்னேன்.

“நொம்ப சரி. அதை எங்க கண்ணு செதுக்கியிருக்க?”

எங்கும் இல்லை. மறுநாள் அந்தக் காட்சிக்காக டாக்டரிடம் ஆறாவது கல்லைக் கேட்டேன்.

“அப்ப எங்கப்பா அம்மா பேரு?”

“அடியில ஒரு வரியா வெட்டித் தர்றேனுங்க. வெறும் பேரைப் படிக்க யாரும் நிக்க மாட்டாங்க. இந்தச் சிலைக்கு நிப்பாங்க, அப்படியே பேரையும் படிப்பாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்து, “அம்மா பேரை மொதல்ல போடுங்க” என்றார்.

கதவு நிலைக்கு வெளியே புத்தர் நிற்கிறார். உள்ளே அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளை எழுந்து நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. முகத்தில் கோபமும் வைக்கவில்லை, அழுகையும் வைக்கவில்லை. அந்த முகத்துக்கு மட்டும் அதிக நாள் எடுத்துக்கொண்டேன்.

கல்லைச் சுவரில் பதித்த அன்று அக்கா கூட்டாளிகளையும் கூட்டி வந்தார்.

“வந்துட்டாரா? கொஞ்ச நேரம் நிக்கட்டும்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும்தான்.