சித்தப்பாவின் முதல் போணி

சித்தப்பாவின் செல்போன் கடைத் திறப்புக்கு வாங்கிய லட்டு மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. வியாபாரம்தான் ஒன்றும் ஆகவில்லை. கோவில்பத்தில் காலையிலிருந்து மழை. வந்தவர்களெல்லாம் சொந்தக்காரர்கள், சொந்தக்காரர் வாங்கினால் அது போணியில் சேராது என்பது சித்தப்பாவின் கட்சி.

போணி என்றால் முதல் விற்பனை. வடக்கேயிருந்து வியாபாரிகளோடு வந்த சொல் என்பார்கள். நம் ஊரில் அது சரக்கோடு நிற்காமல் மனிதர்கள் மேலும் ஏறிவிட்டது. எதிலும் தேறாத ஆளைப் 'போணியாகாதவன்' என்கிறோம். ஐஸ் வியாபாரம், வாடகை சைக்கிள் இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்ட சித்தப்பாவுக்கு வீட்டில் அந்தப் பட்டம் நிலைத்திருந்தது. இந்தக் கடை சித்தியின் வளையலில் எழும்பியது. இதுவும் படுத்தால் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான் என்றிருந்தார்.

மழைக்கு ஒதுங்க மண்டபத்தூர் மீன்காரம்மா கூடையோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

"இன்னும் போணி ஆகலங்கக்கா."

அவர் பதறிவிட்டார். முதலில் வந்து நின்ற ஆள் வெறுங்கையோடு போனால் அன்றைய வியாபாரமே விளங்காது என்பது கூடை தூக்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். இருப்பதிலேயே விலை குறைந்ததைக் கேட்டார். செல்போன் போட்டுவைக்கும் சின்ன உறை. அவரிடம் செல்போனே கிடையாது.

"சும்மா வச்சுக்கங்கக்கா."

"போணிய யாராச்சும் சும்மா குடுப்பாங்களா? காசப் புடிங்க!"

ஈர ரூபாய்த் தாளைச் சித்தப்பா கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மழை விட்டதும் கூடையைத் தூக்கிவிடப் போனேன். கனத்தது.

"என்னங்க, அப்புடியே இருக்கு?"

"இந்த மழையில எங்க யாவாரம்? எனக்கும் இன்னும் போணி ஆவலம்மா." கொடுத்தது பஸ்ஸுக்கு வைத்திருந்த காசாம். நடந்துவிடுவாராம்.

சித்தப்பா குதித்து எழுந்தார். போணிக் காசு அன்று கல்லாவை விட்டு வெளியே போகக் கூடாது. அதனால், கடையில் வேலைக்கு நின்ற எனக்குக் காலையில் முன்பணமாகக் கொடுத்திருந்த சம்பளத்தில் கை வைத்தார். பேரமே பேசவில்லை. செல்போன் படம் அச்சடித்த புதுக் கடைப்பைகளில் முதல் பையிலேயே கிழங்கான் மீன் ஏறியது.

இன்று அதே கடையில் பணம் வந்ததை ஒரு பெட்டி சத்தம்போட்டுச் சொல்கிறது. காலையில் முதல் சத்தத்துக்குச் சித்தப்பா அந்தப் பெட்டியையும் தொட்டுக் கும்பிடுகிறார். எனக்குக் கேட்பதோ, அன்று பையைப் பார்த்துச் சித்தி போட்ட சத்தம்தான்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, பூசை போட்ட எடத்துல மீனா?"

"ரெண்டு கடைக்கும் போணிடி!" என்றார் சித்தப்பா, தெருவுக்கே கேட்கும்படி.