மாடியில் பத்து நிமிஷம்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணும் பையனும் தனியா பேசட்டும்" என்று பெரியவர்கள் எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். பத்து நிமிஷம். ஸ்கூட்டி ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்டார், தெரியும் என்றேன். எங்கள் காதல் கதை அவ்வளவுதான். நாங்கள் மாடி ஏறிப் போவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் என் அண்ணன். முப்பது வயதைத் தாண்டியவன். மனவளர்ச்சி போதாது என்று சின்ன வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணம் என்றால் முதலில் மாடிக்குப் போய்ப் பேச வேண்டும் என்று அன்றைக்கு அவன் மனதில் பதிந்துவிட்டது.

ஆம்பூரில் அவனைப் போன்றவர்களுக்கென்று ஒரு பயிற்சிக்கூடம் உண்டு. கம்பெனிகளிலிருந்து வரும் ஷூக்களுக்கு லேஸ் கோக்கும் வேலை. ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஒருத்தி அவன் பக்கத்தில் உட்காருவாள். அவளும் அவனைப் போலத்தான், வயதும் கிட்டத்தட்ட அதேதான். இருவரும் மேஜைக்கு அடியில் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அங்கிருந்து போன் வந்தது. அம்மா அழுது தீர்த்தாள். பிறகு, "ஊரே சிரிக்கறதுக்கு முன்னாடி கட்டி வெச்சுடலாம்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அவள் பெற்றோர் வந்தார்கள். அவள் அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். எந்த வீட்டில் இருப்பது, யார் சமைத்துப் போடுவது என்று பேச்சு சுலபமாக நகர்ந்தது. குழந்தை கூடாது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்பதில் இரண்டு அம்மாக்களுக்கும் யோசனையே தேவைப்படவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் எழுந்தான். "நாங்க மாடிக்குப் போய் தனியா பேசிட்டு வர்றோம்."

அவள் உடனே தட்டை வைத்துவிட்டு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

அவள் அப்பாவின் முகம் மாறிவிட்டது. "தனியா இன்னா பேச்சு? இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுத்தானே சம்மதிச்சேன்!"

மகளையே கொடுக்க வந்த மனுஷன் பத்து நிமிஷம் கொடுக்க மாட்டேன் என்றார். கையைப் பிடித்து அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனாள். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற நான், அன்றைக்கு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அதன்பிறகு அவள் வேலைக்கு வரவே இல்லை. அண்ணன் ரொம்ப நாள் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லையாம்.

போன தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அவனிடம் கேட்டேன். "மாடியில இன்னாண்ணா பேசியிருப்ப?"

"என்னைப் புடிச்சிருக்குதான்னு கேட்டிருப்பேன். அவள யாருமே கேக்கலியே."