யாரோ திறந்து வைத்த டேப்

எங்கள் கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது யாரும் பிரவுசரை மூடமாட்டார்கள். மூடினால் அடுத்து வருகிறவர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். ரிஜெக்‌ஷன் ஷீட், கஸ்டமர் போர்ட்டல், ஸ்டோர்ஸ் இருப்பு என்று எதெல்லாம் திறந்திருக்கிறதோ, அதுதான் ஒரு ஷிப்ட் இன்னொரு ஷிப்டுக்குச் சொல்லிவிட்டுப் போகும் சேதி. நின்று பேச நேரம் ஏது? மத்திகிரி பஸ் போய்விடும். எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின். அந்த லாகின் என் பெயரில் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு முதலில் வந்தவள் என்பதால் கிடைத்த பெருமை. நாசமாய்ப் போன பெருமை.

அப்போது நான் காண்ட்ராக்டில் இருந்தேன். அந்த மாதம் என்னை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். நானும் வாயை அடக்காமல் தென்காசியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே கஸ்டமர் ஆட்கள் ஆடிட்டுக்கு வந்தார்கள். மீட்டிங் ரூம் சுவரில் பெரிய டிவி. அதில் என் கம்ப்யூட்டர் திரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லி நாங்கள் தொண்டை வற்றக் கத்தியும் யாரும் காதில் வாங்கியிருக்கவில்லை. கரண்ட் வந்ததும் மறுபடி ஆன் செய்தேன். பழைய பக்கங்களைத் திறக்கவா என்று பிரவுசர் கேட்டது. தினமும் அமுக்குகிற ரீஸ்டோர் பட்டன்தானே, பார்க்காமல் அமுக்கினேன்.

எல்லா டேப்பும் வந்தன. கடைசி டேப்தான் டிவியில் பளிச்சென்று நின்றது. வேலை தேடும் வெப்சைட்.

பெங்களூரிலிருந்து தினமும் வரும் மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏனம்மா இது? கெலசா பேட்வா?" என்றார். என்னம்மா இது, வேலை வேண்டாமா என்று கன்னடத்தில் கேட்கிறார். கஸ்டமர் ஆட்கள் நமட்டுச் சிரிப்பு சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தராவது படித்தார்களா? ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை, பதினைந்து வருட அனுபவம், அத்திப்பள்ளி. பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முந்தைய ஷிப்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அதோ சுவரோரம் நிற்கிறார். அவரைப் பார்த்தேன். அவராவது வாயைத் திறப்பார் என்று நினைத்தேன்.

திறந்தார். "இதெல்லாம் வீட்ல வச்சிக்கணும்மா. கம்பெனி சிஸ்டத்துலயா பாக்கறது?"

அடப்பாவி! பச்சைப் பொய் என்று கத்தியிருக்கலாம். ஆனால் என்னை பர்மனென்ட் ஆக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு டேப்பை மூடினேன். அவர் எப்படியும் கையெழுத்துப் போடுவார், அந்த நன்றியாவது இருக்கும் என்று நம்பினேன்.

போடவில்லை. "போற புள்ளைக்கு எதுக்கு பர்மனென்ட்னு மேனேஜர் கேக்கறாரு. நான் என்னாம்மா பண்றது?" என்றார். முகத்தில் ஒரு கூச்சம் வேண்டுமே! அம்மாவிடம் அடுத்த வருடம் என்று சொல்லி வைத்தேன். தெருவுக்கு என்ன சொன்னாளோ, நான் கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜூஜுவாடி செக்போஸ்டைத் தாண்டினால் வருகிற அதே அத்திப்பள்ளியில். கேன்டீனில் கேக் வெட்டினார்கள். மேனேஜர் அவர் தோளில் கைபோட்டு, இவரைப் போல விசுவாசமான ஆள் கிடைக்கமாட்டார் என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கேக்கை அவரே கொடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார். "அங்க ஆள் எடுத்தா சொல்றேன்மா."

"வேண்டாம் சார்," என்றேன், எல்லார் காதிலும் விழும்படி. "அந்த வெப்சைட்ட எப்படித் திறக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு நீங்கதான்."

மேனேஜர் தட்டைப் பார்த்துக்கொண்டு கேக்கைத் தின்றார். நான் இன்னும் காண்ட்ராக்ட்தான்.