தாண்டும் குழிக்கு மணல் தேடிப் போன ஒரு நாள்

இந்த வலைப்பதிவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் விடுமுறைப் பயணங்கள்தான். வட்டக்கோட்டைக்கு எந்த நேரத்தில் போனால் வெயில் உறைக்காது, எந்த ஊரில் மீன் சாப்பாடு நன்றாக இருக்கும் என்ற ரகம். இது அப்படி இல்லை. இந்தக் கல்வியாண்டில் காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு, பள்ளி விளையாட்டுக்கு நிதி கேட்டு அலைந்த கதை இது. இதே வேலையாகக் கிளம்ப நினைக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அங்கங்கே தெறித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொட்டாரத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மைதானம் இருக்கிறது. மூன்று பக்கமும் வயல், காற்றுக்குக் குறைவில்லை. நீளம் தாண்டும் குழிதான் பிரச்சினை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதில் புதிதாக மணல் கொட்டியதே இல்லை. மழையில் இறுகி, வெயிலில் காய்ந்து, ரோடு மாதிரி ஆகிவிட்டது. வாரா வாரம் மண்வெட்டியால் கொத்திவிடுவேன். ஒரு மழை பெய்தால் மறுபடி அதே கதி. அங்கேதான் ஒன்பதாம் வகுப்பு அபிஷா விழுந்தாள். நல்ல கால்கள் உள்ள பிள்ளை. அவள் ஓடி வரும்போதே பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். தாண்டினாள், கையை ஊன்றினாள், மணிக்கட்டு ஒடிந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும் வழி முழுக்க அவள் அழவில்லை. "டீச்சர், எவ்வளவு சாடினேன்னு அளந்தியளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எங்கள் பக்கத்தில் தாண்டுவதைச் சாடுவது என்றுதான் சொல்வோம்.

மறுநாள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். "இனி பொம்பளப் பிள்ளைய கிரவுண்டுல எறங்காண்டாம் டீச்சர். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லது?"

"ஆம்பளப் பிள்ளைய சார்?"

"அவனுவ விழுந்தா எழும்பிப் போவானுவ."

குழியைச் சரிசெய்தால் விடுவீர்களா என்று கேட்டேன். "பணம் கொண்டாருங்க, பாப்போம்" என்றார். பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியடை ஏற்கனவே கணக்குக்குக் கொடுத்தாகிவிட்டது. இப்போது பெண் பிள்ளைகளுக்கு முழுவதுமாகப் பூட்டு. நாகர்கோவிலில் ஒரு பெரிய நிறுவனத்தின் அறக்கட்டளை பள்ளிகளுக்கு விளையாட்டு உதவி செய்கிறது என்று கேள்விப்பட்டு, போன் செய்து நேரம் வாங்கினேன்.

காலை எட்டு இருபதுக்குக் கொட்டாரத்தில் பேருந்து. நாகர்கோவில் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுசீந்திரத்தில் கோயிலுக்கு வந்தவர்கள் இறங்கினார்கள், உட்கார இடம் கிடைத்தது. பேசவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எத்தனை பிள்ளைகள், குழியின் நீள அகலம், இரண்டு லோடு மணல், ஓரத்துக்குப் பலகை. பணிவாகப் பேசவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணா பேருந்து நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நடக்கவும் செய்யலாம், வெயிலில் இருபது நிமிடம் ஆகும். ஏசி அறை. திட்ட அலுவலர் முப்பது வயதுக்காரர், சென்னைப் பக்கம். மரியாதையானவர்தான், தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை மடிக்கணினியைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

"மணலா மேடம்?"

"ஆமா சார். இரண்டு லோடு போதும்."

"மணல் போட்டோவில தெரியாது மேடம். எங்களுக்கு மேல காட்ட ஒரு விஷுவல் வேணும். கண்ணுக்குத் தெரியற மாதிரி ஏதாவது கேளுங்களேன்."

"பிள்ளைங்க தாண்டுறது கண்ணுக்குத் தெரியுமே சார்."

அவர் சிரித்தார். நான் நகைச்சுவை சொன்னதாக நினைத்துவிட்டார். பிறகு படம் காட்டினார். மேற்கே ஒரு கடற்கரை ஊர்ப் பள்ளிக்கு அவர்கள் கொடுத்த சாமான்கள். உயரம் தாண்டுவதற்கான நீல மெத்தை, கூடைப்பந்துக் கம்பங்கள், பந்துகள், பின்னால் பெரிய பேனர், முன்னால் பிள்ளைகள் கட்டைவிரல் காட்டி நின்றார்கள். "இது எங்க மாடல் ஸ்கூல். ஒரு தடவை போய்ப் பாருங்க மேடம். புது ஐடியா கிடைக்கும். அதே மாதிரி எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தா பார்க்கலாம்."

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றியது. அந்த நீல மெத்தையைப் பார்த்ததில் எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன்.

முட்டம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், வளைந்து வளைந்து ஒரு மணி நேரம். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் அங்கே வேலை பார்க்கும் ஒருத்திக்குத்தான் சங்கடம். இறங்கிய இடத்தில் ஒரு சின்னக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் கறியும், எண்பது ரூபாய். அன்றைக்கு உருப்படியாகக் கிடைத்த முதல் விஷயம் அதுதான். பள்ளிவரை ஆட்டோ ஐம்பது. ஓட்டுநரின் மகள் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு.

"விளையாட்டுச் சாமான் நிறைய வந்திருக்காமே?" என்று கேட்டேன்.

"வந்து எறங்கிச்சு டீச்சர். அன்னைக்கு நானும் போயி கை தட்டினேன். பிள்ளைட்ட கேட்டா, கண்ணாடி வழியா பாத்தோம்ங்குது."

எனக்குப் புரியவில்லை. பள்ளிக்குப் போன பிறகு புரிந்தது. அந்தத் தலைமையாசிரியர் என்னை அன்பாகத்தான் வரவேற்றார். வராந்தா கடைசியில் பூட்டிய அறை ஒன்று. ஜன்னல் வழியாகக் காட்டினார். நீல மெத்தை பாலிதீன் உறை பிரிக்காமல் சுவரோரம் நின்றது. கூடைப்பந்துக் கம்பங்கள் அட்டைப் பெட்டிக்குள். பந்துகளுக்குக் காற்றே அடிக்கவில்லை.

"பாத்தியளா டீச்சர், ஒரு கீறல் இல்ல" என்றார் பெருமையாக. "அவிய ஆளு அப்பப்போ பாக்க வருவாவ. எதாவது கெட்டுக் கெடந்தா அடுத்த வருசம் நமக்குத் தரமாட்டாவ."

"பிள்ளைகளுக்கு எப்போ சார் குடுப்பிய?"

"குடுக்கலாம், குடுக்கலாம். அவசரம் என்ன?"

அந்த ஜன்னல் கம்பியை நான் பிடித்திருந்த பிடியில் உள்ளங்கையில் தடம் விழுந்தது. அடுத்தவர் பள்ளியில் நின்றுகொண்டு கத்த முடியாது. அங்குள்ள உடற்கல்வி ஆசிரியை விஜிலா (பெயரை மாற்றியிருக்கிறேன்) பக்கத்தில் நின்றிருந்தாள். அதே கடற்கரைக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள். தலைமையாசிரியர் திரும்பியதும் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, கடைசிப் பீரியடு எனக்கு. இருந்து பாத்துட்டுப் போங்க."

இருந்தேன். பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்த சின்ன வெளியில் இருபது பெண் பிள்ளைகள். இரண்டு கம்பு, குறுக்கே கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு படுக்கை. சாக்குகளில் தென்னை நார்த் தூளை நிரப்பித் தைத்து, இரண்டு வரிசை அடுக்கி, மேலே படகு மூடும் பழைய தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தாள். கயிறு திரிக்கும் ஆலைகளில் அந்தத் தூள் மலையாகக் குவிந்து கிடக்கும், எடுத்துப் போனால் போதும் என்பார்கள். மூன்று தடவை சாவி கேட்டிருக்கிறாள். மூன்றாவது தடவை, எழுத்தில் விளக்கம் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளின் அம்மாக்களைக் கூட்டி வைத்துச் சாக்குத் தைத்திருக்கிறாள்.

"கொறையும் உண்டு அக்கா. மழ பெஞ்சா வெள்ளம் குடிச்சிரும். பொறவு பிரிச்சு வெயில் காட்டணும். மாசத்துக்கு ஒருக்கா தட்டி நெரப்பணும். ஆனா இதுவர ஒரு பிள்ளைக்கும் அடிபடல."

ஒவ்வொருத்தியாக ஓடி வந்து மல்லாக்க விழுந்து எழுந்து போனார்கள். ஒரு சுருட்டை முடிக்காரி என் கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், நீங்களும் ஒண்ணு சாடுங்க!" முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினேன். நாற்பத்து மூன்று வயதில் உயரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, ஆனால் விழுந்த இடம் மெத்தென்றிருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் மல்லாந்து கிடந்தபடி தலையைத் திருப்பினால் நேர் எதிரே அந்தப் பூட்டிய அறையின் பின் ஜன்னல். கண்ணாடிக்குள் நீல மெத்தை நிற்கிறது. சிரிப்பு வந்த வேகத்தில் அடங்கிப் போய்விட்டது.

கிளம்பும்போது கடற்கரை மணலைக் காட்டி, "இதுல நாலு சாக்கு எடுத்துட்டுப் போனா என்ன?" என்று கேட்டேன். "மண்ண அள்ளினா கேசு அக்கா" என்றாள் விஜிலா. உண்மைதான், இந்த மணலில் தாதுக்கள் உண்டு, தொடக்கூடாது. கண்ணுக்கு எட்டின தூரம்வரை மணல். ஒரு பிள்ளை விழுவதற்கு மட்டும் இல்லை.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஐந்தே முக்காலுக்கு மறுபடி அந்த அலுவலகப் படி ஏறினேன்.

"பார்த்தீங்களா மேடம்? எப்படி?" என்றார் திட்ட அலுவலர்.

"பூட்டு நல்லா இருக்கு சார்."

பார்த்ததைச் சொன்னேன். இந்த முறை அவர் மடிக்கணினியைப் பார்க்கவில்லை. "ஒப்படைச்சாச்சு மேடம். அதுக்கப்புறம் ஸ்கூலோட பொறுப்பு."

"அப்போ கீறல் இருக்கான்னு பாக்க வாறது யாரு சார்? அதுவும் ஸ்கூலா?"

"நீங்க கொஞ்சம் எமோஷனலா பேசறீங்க."

"எம்பிள்ளைக்கு கை ஒடிஞ்சிருக்கு சார். எப்படிப் பேசணும்?"

அறையில் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, எனக்கும் ஒரு மெத்தை வாங்கித் தரலாம், வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள், வம்பு எதற்கு என்றார். அதுதான் என்னை அதிகம் சுட்டது. வாயை மூட ஒரு மெத்தை. "பிள்ளைய படுக்காத மெத்த எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். என் பிள்ளைகளுக்குக் கிடைக்கவிருந்ததை என் வாயால் கெடுத்துவிட்டேனோ என்று சுசீந்திரம் வரும்வரை மனது அடித்துக்கொண்டது.

தேர்வு விடுமுறை முடிந்ததும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் சாக்குப் படுக்கையைப் பற்றியும், குழியை ஆழமாக வெட்டி நார்த் தூளும் மணலும் கலந்து நிரப்புவதைப் பற்றியும் சொன்னேன். தலைமையாசிரியர் பாதியிலேயே மறித்தார். "அதெல்லாம் ரிஸ்க். ஒரு பிள்ளைக்கு ஒடிஞ்சது போதாதா?"

கடைசி வரிசையிலிருந்து அபிஷாவின் அம்மா எழுந்தாள். கொட்டாரம் சந்தையில் காய்கறி வியாபாரம். "சாறே, ஒடிஞ்சது எம்பிள்ளைக்க கை. நானே ஒண்ணும் சொல்லல. நாளைக்கு அவ பஸ்ஸுல வரும்போ விழுந்தா, பள்ளிக்கூடத்துக்கே வராண்டாம்னு சொல்லுவியளா?"

தலைமையாசிரியர் வாயெடுக்கும் முன் அவளே தொடர்ந்தாள். "குழியச் சரி பண்ணாம பிள்ளையள வீட்டுல இருத்துதது என்ன நியாயம்?" அதற்குப் பிறகு நான்கைந்து அம்மாக்கள் ஒன்றாகப் பேச ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, செய்யுங்க" என்றார்.

ஆலையிலிருந்து தூள் இலவசமாக வந்தது, வண்டி வாடகை மட்டும்தான். கட்டட வேலை பார்க்கும் அப்பாக்கள் சலித்த மணலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் குழி தயார். மறுநாளே பெண் பிள்ளைகள் மைதானத்தில் இறங்கினார்கள். சில வாரம் கழித்துத் திட்ட அலுவலர் போன் செய்தார். யார் மூலமோ கேள்விப்பட்டிருக்கிறார். "நல்ல இன்னவேஷன் மேடம். வந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? எங்க பேனரோட?" நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே பயம்.

அபிஷாவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை சரியாகிவிட்டது. ஆனால் அவள் தாண்டுவதில்லை. ஓடி வருகிறாள், கால் வைத்து எம்பும் பலகைக்கு ஓரடி முன்னால் நின்றுவிடுகிறாள். "அடுத்த வாரம் டீச்சர்" என்கிறாள். இரண்டு லோடு மணலை யாருமே ஒரு பொருட்டாக நினைக்காததால் ஒரு பிள்ளைக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பயம் அது. அதை எந்த அறக்கட்டளை எடுத்துத் தரும்?

கிளம்பப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாகர்கோவிலில் அலுவலக வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மேற்குக் கடற்கரைப் பேருந்துகளில் மதியம் கூட்டம் குறைவு, வலது பக்கம் உட்கார்ந்தால் போகும்போது வெயில் குறையும். நிதி கேட்கும் முன்பு, கொடுத்த பொருளைப் பிள்ளைகள் உபயோகித்துத் தேய்ந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். நார்த் தூளைப் போடும் முன் நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தோடு தைத்தால் நாற்றம் எடுக்கும். பெற்றோரிடம் கடைசியாகப் போகாமல் முதலில் போங்கள். அலுவலகத்துக்குப் போவதாக இருந்தால் கோபத்தோடே போங்கள். பணிவாகப் போனதில் எனக்கு ஒரு காலைப்பொழுது வீண்.